முதற்பரிசுச் சாட்சி

லண்டன் ஹரோவின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பேச்சுப்போட்டி என்றால் முதற்பரிசு பிரவீணனுக்குத்தான். இறுதி மணி அடித்தாலும் நிறுத்தமாட்டான். டிலுக்சனோ மேடையேறி, "அவையோரே" என்று தொடங்கி, மிச்சத்தை மறந்து இறங்குகிறவன். அப்படிப்பட்டவனை, இருவரும் இப்போது படிக்கும் சட்டக் கல்லூரியின் தமிழ்ச் சங்கம் தன் மாதிரி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனின் வழக்கறிஞராகப் போட்டுவிட்டது. பிரவீணனுக்குச் சாட்சி வேடம். சைக்கிள் திருடனை நேரில் கண்ட பொரித்த கோழிக் கடைக்காரன்.

"அவனுக்குக் கறுப்பு அங்கி, எனக்கு எண்ணெய் ஏப்ரனோ?"

"உனக்கு அதுதான்ரா எடுப்பு," என்றாள் சங்கச் செயலாளர் கம்சிகா.

பர்மிங்ஹாமில் நடக்கும் மாதிரி வழக்குப் போட்டிக்கு ஒரே ஒருவரைத்தான் அனுப்புவார்கள். ஆளைத் தேர்பவர் நீதிபதியாக அமரும் மாதங்கி, சென்னையிலிருந்து வந்து லண்டனில் வழக்காடுபவர். சாட்சிக்கூண்டில் நின்றே அந்த இடத்தைப் பறித்துவிடுவது என்று பிரவீணன் முடிவுகட்டினான். டிலுக்சனின் அங்கியைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு வயிறு எரிந்தது.

முதலில் ஆரம்ப விசாரணை. வழக்கை நடத்த ஆதாரம் போதுமா என்று பார்ப்பது. சாட்சிகளை அதற்குக் கூப்பிடும் வழக்கம் இங்கிலாந்தில் ஒழிக்கப்பட்டுவிட்டது. சங்கத்துக்கு அது தெரியவந்தபோது போஸ்டர் அடித்தாகிவிட்டது.

டிலுக்சன் எழுந்தான். "அண்டைக்கு என்ன நடந்தது?"

இதுவா குறுக்கு விசாரணை? பிரவீணனுக்குச் சிரிப்பு வந்தது.

"அமாவாசை இருட்டு! தெருவிளக்கும் நூந்துபோச்சு. மழையெண்டால் மழை, என்ர கண்ணாடியில அருவி பாயுது!"

"பிறகு?"

"இருட்டைக் கிழிச்சுக்கொண்டு வந்தான் கள்ளன்! இடது கன்னத்தில சின்னத் தழும்பு!"

"பிறகு?"

மணியடிக்க அங்கே ஆளில்லை. கைதட்டல் கூரையைத் தொட்டது. கம்சிகா முழுவதையும் ஃபோனில் பதிவுசெய்தாள். தன்னை ரசிக்கிறாள் என்று பிரவீணன் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினான். வழக்கை நடத்தலாம் என்றார் மாதங்கி.

அடுத்த கிழமை வழக்கு. அதே டிலுக்சன், அதே அங்கி.

"அமாவாசை இருட்டு எண்டனீங்கள்?"

"ஓம், அது எப்பிடியான இருட்டெண்டால்..."

"ஓம் எண்டதே போதும். விளக்கும் இல்லை?"

"ஓம்."

"கண்ணாடியில அருவி?"

"ஓம்."

"அருவிக்குள்ளால சின்னத் தழும்பைக் கண்டனீங்களோ? அப்பிடிச் சொல்லேல்லை எண்டால் கம்சிகாவின்ர பதிவைப் போடட்டோ?"

பிரவீணன் நிமிர்ந்தான். "அவையோரே," என்றான். மிச்சம் வரவில்லை.

"பர்மிங்ஹாமுக்கு டிலுக்சன்," என்றார் மாதங்கி. "போன வாரமே முடிவு பண்ணிட்டேன். வாயை மூடிக்கிட்டுக் கேக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு."

ஹரோவுக்குத் திரும்பும் ரயிலில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். அங்கி டிலுக்சனின் மடியில் இருந்தது.

"கோவமோ மச்சான்?"

"இல்லை." பாடம் படித்தவனாய் அதோடு நிறுத்தினான்.

"பொறாமையோ?"

"எனக்கோ? உன்னிலயோ? நீ மேடையில நிண்டு முழிச்ச முழி எனக்குத் தெரியாதோ? உனக்கு அந்த அங்கியைப் போடவே தெரியேல்ல, தோளில நிக்குதே இல்லை, நான் போட்டிருந்தால்..."

வெம்ப்ளி பார்க் நிலையம் தாண்டியும் அவன் நிறுத்தவில்லை.

"பிறகு?" என்றான் டிலுக்சன்.