திரும்பி வருவதற்கு ஒரு காரணம்

நகர நூலகத்தின் மூன்றாம் மாடியில், பழைய நாளிதழ்களை அடுக்கி வைத்திருந்த அறைக்குப் பக்கத்தில், கடல் கடந்த ஒரு நாட்டின் அரசு தன் செலவில் நடத்திய ஆலோசனை மையம் இருந்தது. அந்த நாட்டில் போய்ப் படிக்க விரும்புகிறவர்களுக்கு எந்தக் கல்லூரி, என்ன தேர்வு, எப்படி விண்ணப்பிப்பது என்று அங்கே இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். இலவசம் என்பதாலேயே பாதிப் பேர் நம்பவில்லை. தெருமுனை ஏஜெண்டுகளிடம் போய் நன்றாக ஏமாந்த பிறகுதான் மூச்சு வாங்கப் படியேறி வருவார்கள்.

ஆலோசகராக இருந்த பெண் நாற்பதைத் தாண்டியவர். வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அக்காதான். "விசா குடுக்குறது தூதரகம். எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு, இங்க பொய் சொல்லக் கத்துத் தரமாட்டோம். உண்மையத் தடுமாறாம சொல்லத்தான் கத்துத் தருவோம்" என்று முதல் நாளே சொல்லிவிடுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்திக்கு அலுவலக உதவியாளர் வைத்த பெயர் 'சந்தேகம்'. வேதியியல் படித்தவள். அவள் தெருக் குழாயில் பாதி நாள் மஞ்சளாகத்தான் தண்ணீர் வரும். அதனால் குடிநீர் சுத்திகரிப்பில் மேற்படிப்புப் படிக்க ஆசைப்பட்டாள். எதைச் சொன்னாலும், "அக்கா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பாள். அவள் தலை படியில் தெரிந்ததுமே உதவியாளர், "சந்தேகம் வந்தாச்சு, டீ குடிக்கணும்னா இப்பவே குடிச்சிருங்க மேடம்" என்பார்.

அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அரசு மருத்துவமனையின் லாண்டரியில் வேலை பார்த்தார். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளையில் விட்டுத் தேய்த்து எடுப்பது அவர் வேலை. இரண்டு முன்கைகளிலும் சூடுபட்ட தழும்புகள். இயந்திர இரைச்சலுக்கு நடுவே பேசிப் பழகியவர் என்பதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். மகளோடு அவர் மையத்துக்கு வந்த நாட்களில் கீழ்த்தளத்திலிருந்து நூலகர் இரண்டு முறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

விசா நேர்காணலுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்த நாள் அது. ஆலோசகர்தான் அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்பார். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க நீங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்டப் பேசுற மாதிரிக் கேக்குறீங்க? ஆபீசர்னா ஒரு கெத்து வேணாமா? எந்திரிங்க, நான் கேக்குறேன்."

எழுந்து வந்து நாற்காலியில் அமர்ந்தார். மேஜை மேல் இருந்த ஆலோசகரின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பேரு என்ன?"

"அம்மா, என் பேரு உனக்குத் தெரியாதா?"

"யாரு அம்மா? இங்க அம்மாவும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல. ஆபீசர்!"

உதவியாளர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். அம்மா அசையவில்லை. "படிச்சு முடிச்சிட்டு அங்கேயே டேரா போட்டுர மாட்டேன்னு என்ன நிச்சயம்?"

மகளும் சிரிப்பை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மாட்டேன் சார். எங்க அம்மா இங்க தனியா இருக்காங்க. அவங்களுக்கு என்னை விட்டா ஆள் இல்ல. எனக்கும் அவங்களை விட்டா ஆள் இல்ல. படிப்பு முடிஞ்ச மறுநாளே கிளம்பிருவேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "பவர் ஒத்துக்கல" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இதுதான் உன்னோட நல்ல பதில். ஒரு வார்த்தைகூட மாத்தாத" என்றார் ஆலோசகர்.

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அம்மா மருத்துவமனையில் வார்டு வார்டாகப் போய்ச் சொன்னார். நேர்காணல் தேதியும் வந்தது. அதற்கு ஒரு வாரம் முன்பு, காலை வேலையின் நடுவே, உருளையின் அருகிலேயே அம்மா சுருண்டு விழுந்தார். துணி ஏற்றும் தள்ளுவண்டியில் கிடத்தி அவசரப் பிரிவுக்கு ஓடினார்கள். தாழ்வாரத்தைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்துக்கு ஆலோசகரும் உதவியாளரும் போனார்கள். லாண்டரிப் பெண்கள் சீருடையோடு வந்திருந்தார்கள். மகள் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நேர்காணலுக்கு முந்தின நாள் அவள் மையத்துக்கு வந்தாள். தேதியைத் தள்ளிப்போடலாம் என்றார் ஆலோசகர். தள்ளினால் கல்லூரி திறந்துவிடும், இடம் போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"கேளும்மா."

"அம்மா இங்க இருக்காங்கன்னு சொன்னா, அது பொய்யா?"

கதவருகே நின்ற உதவியாளர், "சொல்லிட்டுப் போகட்டுமே மேடம். அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். ஆலோசகருக்கும் நாக்கு நுனி வரை அதுதான் வந்தது. தன் மகளாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று நினைத்தார்.

"பொய்தாம்மா" என்றார் கடைசியில். தன் கையாலேயே ஒரு கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது அவருக்கு.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் நூலகத்து வாசல்படியில் அவள் உட்கார்ந்திருப்பதாகக் காவலாளி வந்து சொன்னார். ஆலோசகர் இறங்கிப் போய்ப் பக்கத்தில் அமர்ந்தார்.

"எல்லாக் கேள்விக்கும் நல்லாத்தான் சொன்னேன் அக்கா. கடைசியில, திரும்பி வருவேன்னு என்ன நிச்சயம்னு கேட்டாரு. வாய் தன்னால 'எங்க அம்மா'ன்னு ஆரம்பிச்சிருச்சு. நாம அத்தனை தடவை சொல்லிப் பாத்தோம்ல? அப்புறம் எங்க நிறுத்துறதுன்னு தெரியல. 'இருந்தாங்க'ன்னு சொன்னேன்." மடியிலிருந்த ஃபைலை மூடினாள். "நல்ல மனுஷன்தான் அக்கா. எழுந்து தண்ணி குடுத்தாரு. ரொம்ப வருத்தம்னு சொன்னாரு. அப்புறம், திரும்பி வர ஒரு காரணம் இல்லாம விசா தர முடியாதுன்னும் சொல்லிட்டாரு."

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மா போனதிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை. உள்ளே போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஆலோசகர் அவள் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு நகராட்சியின் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. சில மாலைகளில் மையத்துக்கு வந்து பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பாள். எதுவும் கேட்கமாட்டாள். "வாயத் தொறந்து ஏதாவது கேளும்மா, எனக்கே பயமா இருக்கு" என்று உதவியாளர் டீயை நீட்டுவார். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவாள்.

மறு வருடம் விடாமல் நச்சரித்து அவளை மீண்டும் விண்ணப்பிக்க வைத்தது ஆலோசகர்தான். இந்த முறை சிறிய கல்லூரி, பாதி உதவித்தொகை; மீதிக்கு அம்மாவின் சேமநிதிப் பணம். வேலைக்குத் திரும்பலாம் என்று சோதனைக் கூடத்தில் நீண்ட விடுப்பு கொடுத்திருந்தார்கள். அதே கேள்விக்கு அவள் அதைச் சொன்னாள். விசா கிடைத்தது.

விமான நிலையத்துக்கு ஆலோசகர் மட்டும் போனார். மற்ற பயணிகளைச் சுற்றி அத்தை, மாமா, சித்தப்பா என்று ஒரு பட்டாளமே நின்றது. இவள் கையில் ஒரே ஒரு பெட்டி.

"அந்த முதல் ஆபீசர் மேல எனக்குக் கோபமே இல்ல அக்கா" என்றாள். "அவர் நினைச்சது சரிதான். எனக்குத் திரும்பி வரணும்னு தோணல. பூட்டித் திறக்க ஒரு வீடு இருக்கு. ஆனா போய் நின்னா 'வந்துட்டியா'ன்னு யாரு கேப்பா?"

ஆலோசகர் அவள் பெட்டியின் பூட்டை இழுத்துச் சரிபார்த்தார்.

"வரணும்னு கட்டாயம் இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிடு. போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கையசைக்கும் கூட்டத்துக்குள் ஆலோசகரைத் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

போன் செய்தாள். முதலில் வாரம் ஒரு முறை, பிறகு எப்போதாவது. குளிரைப் பற்றியும், அறைத்தோழியின் குறட்டையைப் பற்றியும், படித்து முடித்த கையோடு அங்கேயே கிடைத்த வேலையைப் பற்றியும் சொன்னாள். ஊரைப் பற்றி மட்டும் கேட்டதே இல்லை. ஆலோசகரும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.