பிள்ளைக்காம்பிராவில் ஆறாம் வகுப்பு

கதவைத் திறந்ததும் பால் புளித்த வாடைதான் முதலில் வந்தது. கரும்பலகையில் ‘ஆறாம் வகுப்பு’ என்று கலர் சாக்பீஸால் பூப்போட்டு எழுதியிருந்தார்கள். அறை நெடுக உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில்கள் தொங்கின. பையன்கள் முன்னால் பெஞ்சில். பெண்கள் பின்னால் தரையில், ஆளுக்கொரு தொட்டிலின் பக்கத்தில். மாரியாயி என்ற பெண் தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

லீலாவதி வாசலிலேயே நின்றுவிட்டார். கல்வித்துறையில் இணை இயக்குநர். நடுவட்டத்தைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பையன்கள் பஸ் பிடித்துப் போவார்கள், பெண்கள் கூடை மாட்டிக்கொள்வார்கள். இதை மாற்றத்தான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் மல்லுக்கு நின்றது. கடைசியில் உத்தரவு வந்தது: தோட்டத்திலேயே எட்டாவது வரை, ஆறாம் வகுப்புக்குத் தனி அறை. ‘தனி அறை’ என்று சேர்த்ததே அவர்தான். பரீட்சார்த்தமாக இந்த ஒரு தோட்டம். நன்றாக நடக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டால் வரும் ஜூனில் மலை முழுக்க. போடாவிட்டால், ‘அப்பவே சொன்னோமே’ என்பதற்குக் கோட்டையில் ஆள் காத்திருந்தது.

“ஆர்டர்ல தனி ரூம்னு இருந்துதுங்க மேடம். ஒழுகாத ரூம் இது ஒண்ணுதானுங்க” என்றார் தோட்டத்து வெல்ஃபேர் ஆபீசர் நெல்சன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிரா அது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆயாவையும் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டார்களாம். பெண்பிள்ளைகள்தான் நாள் முழுக்க இங்கே இருக்கிறார்களே, எதற்கு இரட்டை ஆள் என்று தோட்டத்து மேனேஜர் துரை கேட்டாராம். சொல்லும்போது அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது.

“பசங்க ஏனுங்க ஆட்டறதில்ல?” என்று கேட்டார் லீலாவதி.

“பசங்களுக்கு அது வராதுங்க மேடம்.”

வாத்தியார் சபாபதி சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டே தன் பங்குக்கு விளக்கினார். குழந்தைகள் தூங்கும்போது கணக்கு, விழித்திருக்கும்போது செய்யுள் என்று டைம்டேபிளை மாற்றிவிட்டாராம். செய்யுளுக்கு அதுகளும் சும்மா கிடக்குமாம்.

இந்தக் கூத்தை இன்றைக்கே நிறுத்தச் சொல்லி எழுதுகிறேன் என்றார் லீலாவதி. அப்போது பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்த தாயம்மாள், மாரியாயியின் அம்மா, குழந்தையை மாரோடு அணைத்தபடி எழுந்து வந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

“நாங்க சிலோன்ல இருந்தப்ப பிள்ளைக்காம்பிராவுக்குன்னு ஒரு கெழவி இருப்பா. இங்கன எம் மகளையே கெழவியாக்கிப்புட்டாங்க. ஆனா மூடிப்புடாதீங்கம்மா. தொட்டில ஆட்டிக்கிட்டாச்சும் ரெண்டெழுத்து படிக்கட்டும். மூடுனா நாளைக்கே கொழுந்துக்கு இழுத்துருவாங்க.”

லீலாவதிக்குக் காது சுட்டது. திருடியவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவள் தன்னிடம் வந்து மன்றாடுகிறாள். அதுவும், மிச்சத்தையாவது விட்டுவையுங்கள் என்று. நெல்சன் பேனாவைத் திறந்து நீட்டினார். அதை மூடி வைக்கச் சொன்னார் லீலாவதி.

“மூடவும் மாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன். ஆயாவைக் கூப்பிடுங்க. அவங்க வந்து இந்த வேலையை வாங்கிக்கற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்.”

“தொரையக் கேக்கணுமுங்க.”

“ஆள் விட்டுக் கேளுங்க. அதுவரைக்கும் நீங்க ஆட்டுங்க.”

நெல்சன் சிரித்துப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“ஏனுங்க, உங்களுக்கும் வராதுங்களா?” என்றார் லீலாவதி.

பையன்களை நெருங்கி உட்காரச் சொல்லிவிட்டு, பெண்களை எழுப்பி முன் பெஞ்சுக்கு அனுப்பினார். மாரியாயி விரலிலிருந்து கயிற்றைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் யோசித்து, நெல்சன் கையில் கொடுத்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் தொட்டில்களுக்கு நடுவில் நின்றார். சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு பலகையில் முக்காலையும் அரையையும் எழுதினார். வெளியே ஏதோ ஒரு ஜீப் மேடேறும் சத்தம்.

மூலைத் தொட்டிலில் ஒரு குழந்தை வீறிட்டது.

முன் பெஞ்சில் பெண்கள் அத்தனை பேரும் ஒன்றுபோல் எழுந்து நின்றார்கள்.