அடைக்கலத்தின் தூக்கம்

அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேருகிறவர்கள் பாஸ்போர்ட்டோடு தூக்கத்தையும் ஒப்படைத்துவிட வேண்டும். விசா முடிந்து ஊர் திரும்பும்போது இரண்டையும் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் விமானத்தில் தூங்கிய அரைகுறைத் தூக்கத்தைக் கொடுத்தார்கள். அடைக்கலம் மட்டும், கொடுப்பது நல்லதாக இருக்கட்டும் என்று, அறந்தாங்கியில் மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கிய தூக்கத்தைக் கொடுத்தான்.

"அங்கதான்டா கோட்டை விட்டே," என்றான் மேல்கட்டிலில் படுக்கும் சூசை. "எங்க தூக்கத்துல கனவுகூட மூட்டைப்பூச்சி, மாமியாருன்னுதான் இருந்துச்சு. வேணாம்னு மறுவாரமே திருப்பிக் கொடுத்துட்டாங்க. உன்னுதை மேனேஜர் சம்சாரம் எடுத்துக்கிட்டாங்க."

அடைக்கலம் கம்பி கட்டுகிறவன். நாளைக்கு உச்சி மாடிச் சாரத்தில் ஏற வேண்டும். கொஞ்ச நாளாகக் கம்பிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நேற்று அவன் எட்டிப் பிடித்தது இல்லாத கம்பியை. பக்கத்தில் இருந்தவன் சட்டையைப் பற்றி இழுத்தான்.

இன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை. மதியம் மேனேஜர் வீட்டுக்குப் போனான். மேடம் போர்வையோடு கட்டிலில் இருந்தாள். வேற்று நாட்டுக்காரி. அவனுடைய தூக்கத்திலேயே புழங்கிப் புழங்கி அறந்தாங்கித் தமிழ் வந்திருந்தது.

"ஒரே ஒரு மதியம் தூங்கிக்கிறேன் மேடம். விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"இன்னைக்கு எப்புடிப்பா? பாப்பாவுக்குக் காதுகுத்து. அங்க அவ அப்பா நான்தானே, நான் இல்லாட்டி அழுதுருவா."

அவள் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது. அடைக்கலம் கிளம்பத் திரும்பினான்.

"தாய்மாமன் வேற வரல. மடியில வச்சுக்க ஆள் இல்ல," என்றாள் மேடம். "நீங்க வந்து உக்காருங்களேன் மச்சான்."

போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

உள்ளே அறந்தாங்கி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மேடம் அவனுடைய பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே," என்று அவன் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். மகளை மடியில் வைத்தார்கள். கனத்திருந்தாள். காற்று இதமாக வீசியது. அவனுக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது.

ஆசாரி ஊசியை எடுத்தார்.

"நான் அழ மாட்டேன் மாமா," என்று மகள் அவன் காதருகே சொன்னாள். "சத்தம் போட்டா அப்பா முழிச்சுக்குவாங்க."

நாளைக்குக் கம்பியைப் பிடிக்க வேண்டிய விரலை அடைக்கலம் அவள் வாயில் கொடுத்தான். அவள் கெட்டியாகக் கடித்துக்கொண்டாள்.