உயிரோடு இருப்பவனுக்கு ஓர் ஒப்பாரி

மலைகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் நரின் ஊரில் ஒரு காரியம் உருப்படியாக நடக்க வேண்டுமென்றால் அதை ஜிபாராவிடம் கொடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை அவள்தான். கல்யாண விருந்தில் வயசுக்கும் உறவுக்கும் தக்கபடி எந்தக் கறி எலும்பை எந்த விருந்தாளி முன்னால் வைப்பது என்று தடுமாறாமல் சொல்வதும் அவள்தான். "ஜிபாரா இருக்கா, நடந்துடும்" என்று சொல்லிவிட்டு ஊர் நிம்மதியாகத் தூங்கியது. அவள் தூங்கினாளா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்துக்கொண்டே தேநீர் ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

அவள் புருஷன் ஷெரலி சரக்கு லாரி ஓட்டுகிறவன். தொலோன் கணவாயைத் தாண்டி தலைநகர் பிஷ்கெக் போய் வருவான். குளிர்காலத்தில் அந்தக் கணவாய் யாரை விடும், யாரைப் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் வண்டி தெருமுனை திரும்பியதுமே ஜிபாராவுக்குப் பயம் பிடித்துவிடும். உடனே வேலையில் இறங்கிவிடுவாள். துவைத்த திரைச்சீலையை மறுபடி துவைப்பாள், அடுத்த மாதத்துப் பாடத்திட்டத்தை இன்றே எழுதுவாள். பார்த்தவர்கள் எல்லாம் "என்ன சுறுசுறுப்பு!" என்று மூக்கில் விரல் வைத்தார்கள். பயத்துக்குப் பொன்னாடை போர்த்துகிற ஊர் எங்கள் ஊர்.

வேலையாலும் அடங்காதபோது அவள் இன்னொன்று செய்தாள். அதை நினைத்தால் அவளுக்கே உடம்பு கூசும். மாவு பிசைந்துகொண்டே, மனசுக்குள், புருஷனுக்கு ஒப்பாரி கட்டினாள்.

எங்கள் பக்கம் புருஷன் செத்தால் பெண்டாட்டியும், அப்பன் செத்தால் மகளும் சுவரைப் பார்த்து, இடுப்பில் கை ஊன்றி உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். அதுவும் தானே கட்டிச் சொல்ல வேண்டும். இரவல் பாட்டு பாடினால் வந்தவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஜிபாராவின் அப்பா செத்த அன்று அவள் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. கல்லாக உட்கார்ந்திருந்தாள். "இத்தனை படிச்சு என்ன, பெத்தவனுக்கு நாலு அடி சொல்ல நாக்கு எழும்பலையே" என்று பெண்கள் பேசியது அவள் காதில் விழுந்தது. இனி ஒருபோதும் தயாரில்லாமல் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு கட்டினாள். மகள் பெரிஸாத் பிறந்த குளிர்காலத்தில் முதல் அடி வந்தது. இப்போது பெரிஸாத் ஒன்பதாம் வகுப்பு. பாட்டும் வளர்ந்து நின்றது. ஒவ்வோர் அடி நன்றாக அமையும்போதும் ஒரு நொடி மனசு குளிரும். அடுத்த நொடி, 'அடிப் பாவி, யாருக்கு என்ன செய்கிறாய்?' என்று நெஞ்சு சுடும். அன்றைக்கெல்லாம் அவனுக்குப் பிடித்த மாமிச நூடுல்ஸ் செய்து வைப்பாள். அவன், "என்ன விசேஷம்?" என்று கேட்டுக்கொண்டே வழித்துச் சாப்பிடுவான்.

அந்த வாரம் பனிப்புயல். ஷெரலி முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும், வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. காலையில் ஜிபாரா பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது. மூன்று பெரியவர்கள் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஷெரலியின் பெரியப்பா மெலிஸ். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யாரும் போனில் சொல்லிவிட மாட்டார்கள். பெரியவர்கள் காலையில் சேர்ந்து வந்து, உட்காரவைத்து, பக்குவமாகச் சொல்வார்கள். காலையில் மூன்று வெள்ளைத் தொப்பி சேர்ந்து வாசல் தாண்டினால் குழந்தைக்குக்கூட அர்த்தம் தெரியும்.

"உட்காரும்மா மருமகளே," என்றார் மெலிஸ். "ஒரு விஷயம் சொல்லணும்."

அவ்வளவுதான். ஜிபாரா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பினாள், இடுப்பில் கை ஊன்றினாள். இத்தனை வருஷம் அடைத்து வைத்தது மடை திறந்துகொண்டது.

"பனி மூடின கணவாயிலே பாதை தேடிப் போன ராசா,
வண்டிச் சத்தம் கேட்குமுன்னு வாசல் பார்த்து நான் கிடந்தேன்,
மலை உன்னைக் கேட்டப்போ, என் மாரு குறுக்க நிக்கலையே,
உன் பங்குக் கறி ஆறுதய்யா, யாரு முன்னே நான் வைப்பேன்?"

பெரிஸாத் புத்தகப்பையோடு அறை வாசலில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். பக்கத்து வீட்டு புருல் மாவுக் கையோடு ஓடிவந்து ஜிபாராவைக் கட்டிக்கொண்டு கூடவே அழுதாள். தெருவில் போன ஆண்கள் "ஐயோ என் தம்பி!" என்று கதறிக்கொண்டு உள்ளே வந்தார்கள். மெலிஸ் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தினார். அந்த ஓலத்தில் யார் காதில் விழும்?

கடைசியில் அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "நிறுத்துங்கடி! யாரும் சாகலை! ஷெரலி கணவாய்க்கு அந்தப் பக்கம் கொச்கோர்ல வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருக்கான், கணவாய் மூடிட்டாங்களாம்! நேத்து வேற ஒருத்தன் போன்லேருந்து என் மகன்கிட்ட பேசினான், வீட்டுல சொல்லச் சொன்னானாம்!"

புருல் ஜிபாராவை விட்டுவிட்டு எழுந்தாள்.

"அப்ப எதுக்குக் காலங்காத்தால மூணு பேரா வந்தீங்க, சாவு சொல்ற மாதிரி?" என்று புருல் எகிறினாள்.

மெலிஸ் தரையைப் பார்த்தார். "பேரன் கல்யாணம். விருந்துப் பொறுப்பு பூரா ஜிபாரா எடுத்துக்கணும்னு கேட்க வந்தோம். அவளுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல வேலை, கேட்காதீங்கன்னு ஷெரலி சொல்லியிருந்தான். அதான் அவன் இல்லாத நேரமாப் பார்த்து... தனியா கேட்க வெட்கமா இருந்துது."

உழுகிற மாடு பரதேசம் போனாலும் அங்கேயும் ஒருத்தன் கட்டி உழுவான் என்று சும்மாவா சொன்னார்கள்?

வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்தால் கெட்ட சகுனம், ஓர் ஆட்டை அறுத்து ஊருக்குப் போடு என்று சொல்லிவிட்டு மெலிஸும் போனார். புருல் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆனா பாட்டு என்ன பாட்டுடி! எங்க அத்தைக்குக்கூட இப்படி யாரும் சொன்னதில்லே..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "நின்ன நிலையில வந்து விழுற அடி இல்லையே இது. எப்போ கட்டினே?"

ஜிபாரா எழுந்து தரையைக் கூட்ட ஆரம்பித்தாள். புருல் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கேள்வி தெரு முழுக்கச் சுற்றிவிட்டது.

ஷெரலி மறுநாள் வந்தான். அவன் காதுக்கு ஒப்பாரிச் சேதி கொச்கோரிலேயே போய்விட்டது. "உள்ளே வரலாமா, இல்ல பேய்னு துரத்திடுவியா?" என்று சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றினான். அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் நின்றது.

"புருல் சொல்றது நிஜமா? முன்னாடியே கட்டி வச்சிருந்தியா?"

"ஆமா."

"எப்போலேருந்து?"

"பெரிஸாத் பிறந்ததுலேருந்து."

அவன் கழற்றிய பூட்ஸை எடுத்துச் சுவரோரம் வைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அப்ப நான் ஒவ்வொரு தடவை வாசல் தாண்டினதும் என்னைப் புதைச்சிட்டுத்தான் நீ டீ குடிச்சிருக்கே."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவள் அவன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே அழுதாள். "உங்களைச் சாகச் சொல்லிக் கட்டலைங்க. கட்டி வச்சுட்டா நடக்காதுன்னு தோணும். கட்டாம விட்ட அன்னிக்கு நடந்துடும்னு தோணும். எனக்கே நான் அசிங்கமா இருக்கேன். நிறுத்தத் தெரியலை."

ஷெரலி ஆட்டை அறுக்கவில்லை. அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே மனநல மருத்துவம் பார்க்கிற இளம்பெண் ஒருத்தி இருந்தாள். வேலைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா, வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டாள். ஜிபாரா எல்லாவற்றுக்கும் பளிச்சென்று பதில் சொல்லி, போகிற போக்கில் அந்தப் பெண்ணின் மேஜையில் கிடந்த தாள்களையும் அடுக்கி வைத்தாள். ஷெரலி பின்னாலிருந்து, "பாட்டைச் சொல்லு" என்றான். சொன்னாள். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"படுத்துக் கிடந்தா ஊருக்கே தெரியும், நோய்னு. நீங்க ஓடிக்கிட்டே இருக்கீங்க, அதனால யாருக்கும் தெரியலை. இது பதற்ற நோய், அக்கா. உங்களை நல்லா வேலை வாங்குது, அவ்வளவுதான்."

வாரம் ஒருமுறை வரச் சொன்னாள். பயம் வரும்போது வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், 'எனக்குப் பயமா இருக்கு' என்று கூட இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தினம் ஒரு வேலையை அரைகுறையாக விட வேண்டும். 'அரைகுறையாகவா?' என்று ஜிபாரா பதறிய பதற்றத்தைப் பார்த்து ஷெரலிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் செய்தாள். அரைகுறையாக விடுவதையும் அவள் முழு மதிப்பெண்ணுக்குத்தான் செய்தாள் என்பது வேறு விஷயம். கல்யாண விருந்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி மெலிஸுக்குச் சொல்லியனுப்பினாள். அன்று முழுக்கக் குற்ற உணர்ச்சி அவளைப் பிடுங்கித் தின்றது.

வசந்தம் வருவதற்கு முன் ஷெரலி மறுபடி கிளம்பினான். கணவாயைத் தாண்டியதும் நானே கூப்பிடுவேன், நீ கூப்பிடக் கூடாது என்று பேச்சு. மத்தியானம் ஆனது, போன் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்தது. ஜிபாராவின் நெஞ்சுக்குள் பழைய அடி தானாக எழுந்தது. கை திரைச்சீலையைத் தேடிப் போனது. நிறுத்தினாள். அடுப்படியில் பெரிஸாத் கழுவிய கிண்ணங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரிஸாத், எனக்கு இப்போ ரொம்பப் பயமா இருக்கு," என்றாள் ஜிபாரா. மகளிடம் இப்படி ஒரு வார்த்தை இதுவரை சொன்னதில்லை.

பெரிஸாத் திரும்பவில்லை. "எனக்கும்தான்மா."

"அப்பாவை நினைச்சா?"

"இல்லை. உன்னை நினைச்சு."

"எனக்கு என்னடி?"

"மத்தவங்க அம்மாவெல்லாம் திட்டுவாங்க, அழுவாங்க, தலைவலின்னு படுத்துப்பாங்க. நீ எதுவுமே பண்ண மாட்டே. ஓடிட்டே இருந்து ஒருநாள் அப்படியே விழுந்துடுவியோன்னு எனக்குப் பயம். வகுப்புல உட்கார்ந்திருக்கும்போதுகூட. அதான் எல்லாத்துலயும் முதல்ல வந்துடறேன், என்னாலயும் உனக்கு ஒரு கவலை வேண்டாம்னு." குழாயை மூடினாள். "திட்டாதேம்மா. அன்னிக்கு நீ பாடினதைக் கேட்டதுலேருந்து, நானும் ஒண்ணு கட்டிட்டு இருக்கேன். உனக்கு."

ஊர் முழுக்க "அம்மாவை உரிச்சு வச்சிருக்கா" என்று மகளைப் புகழ்ந்தபோதெல்லாம் பூரித்துப் போனவள் ஜிபாரா. இப்போது அந்தப் பூரிப்பு ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது. பெண்ணுக்குச் சீராக எதைக் கொடுத்திருக்கிறோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. எழுந்து போய் அவளைப் பிடித்து, ஈரக் கையோடு தரையில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"எதுவரைக்கும் கட்டியிருக்கே?"

"மூணு அடிதான்."

"சொல்லு."

பெரிஸாத் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தாள். இரண்டாவது அடியில் ஓசை தட்டியது. திருத்த ஜிபாராவின் நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. திரையில் ஷெரலியின் பெயர். பெரிஸாத் எழப் போனாள். ஜிபாரா அவள் மணிக்கட்டை விடவில்லை.

"அவரு கணவாயைத் தாண்டிட்டாரு. மறுபடி கூப்பிடுவாரு," என்றாள். "நீ சொல்லும்மா. எனக்கு என்ன ஆகும்னு பயப்படறே, மொத்தத்தையும் சொல்லு."