ஆளில்லாத படம்

என் வீட்டுக்காரர் யாகூப் உக்கடத்தில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தார். பாடப் புத்தகங்கள்தான் வியாபாரம். ஆனால் மில்காரர்களின் பங்களாக்களைக் காலி செய்யும்போது எடைக்கு வரும் மூட்டைகளில், எப்போதாவது வெளிநாட்டு ஓவியப் புத்தகம் ஒன்று கிடக்கும். தையல் விட்டு, பாதித் தாள்கள் கழன்றுபோன அவற்றை யாரும் வாங்கமாட்டார்கள். நல்ல தாள்களை மட்டும் உருவி அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

கோட்டைமேட்டில் எங்கள் வீடு. கூடம், அதை ஒட்டி ஒரு சிறிய அறை, பின்னால் அடுப்படி. கூடத்தில்தான் தொழுவோம். தொழுகிற இடத்தில் உருவப்படம் மாட்டுவதில்லை என்பதால், அவர் கொண்டுவந்த படங்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டியில் இருந்தன. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, சாப்பிட்டபின் கடை திறக்கமாட்டார். பெட்டியை இழுத்துப் பாயில் வைத்துக்கொள்வார். நான் வெள்ளகோவிலில் பத்தாவது வரை படித்தவள். படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துச் சொல்வேன். ரெம்பிராண்ட், வெர்மீர், புரூகல். சரியாகத்தான் உச்சரித்தேனா என்று இன்றுவரை தெரியாது. திருத்துவதற்கு எங்களிடம் யாரும் இல்லை. பிள்ளைகளும் இல்லை.

புரூகல் வரைந்த குடியானவர் கல்யாணப் படம் அவருக்கு மிகவும் பிடித்தது. கழற்றிய கதவு ஒன்றில் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கி இரண்டு பேர் தூக்கிவருவார்கள்.

"இங்க பாரு இஸ்மத்து, நம்மாளுக கல்யாணத்துல சகன் தட்டத் தூக்கிட்டு வாராப்பலயே இருக்குது. ஆனா பிரியாணி இல்ல. கூழு ஊத்தறானுக."

"கஞ்சிக் கல்யாணமுங்களா?"

"பொண்ணு மூஞ்சியப் பாரு. நம்ம கல்யாணத்துல உங்கூட்டு ஆளுக கறி சரியில்லைன்னு சொன்னப்ப நீ வச்சிருந்தியே, அதே மூஞ்சி."

மோனாலிசாவை அவர் மதிக்கவே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டுப் போட்டு, அதை வெளியில் காட்டிக்கொள்ளாமல் நிற்கிற அம்மா என்பார். ரெம்பிராண்ட் தன்னையே கிழவனாக வரைந்துகொண்ட படத்தை மட்டும் கேலி செய்யாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பிடித்தது வெர்மீரின் பால் ஊற்றும் பெண். அடுப்படியில் தன்பாட்டுக்கு வேலை செய்கிற ஒருத்தியை அவ்வளவு பொறுமையாக ஒருவர் நின்று பார்த்திருக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன். வாய்விட்டுச் சொன்னதில்லை.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வாசல் தாண்டாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் வீட்டுக்குள் இருக்க வேண்டிய மாதங்கள். அவருடைய அக்கா ஹபீபுன்னிசா எனக்குத் துணையாக வந்து தங்கினார். அவரும் கணவரை இழந்தவர். நான் மதினி என்று கூப்பிடுவேன். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். தொழுது முடித்துக் கையேந்தும்போது தம்பி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவார்.

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது மதினிதான் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏன் கண்ணு, இத்தனை படத்தையா ஊட்டுக்குள்ள வச்சிருந்தீங்க? உருவம் இருக்கற ஊட்டுக்கு வானத்துலருந்து மலக்குமாரு எறங்கி வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"மாட்டலீங்களே மதினி. பெட்டிக்குள்ளதான இருந்துச்சு."

"பெட்டிக்குள்ள இருந்தா இல்லைன்னு ஆயிருமா? நான் ஒக்காந்து அவனுக்காக ஓதறேன். அதெல்லாம் அவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னார். மண்ணுக்குள் தனியாக இருக்கிற தம்பியைப் பற்றிய பயம்.

இரண்டு நாள் நான் பிடிகொடுக்கவில்லை. அந்தத் தாள்களை எடுத்தால்தான் என் வீட்டுக்காரர் குரல் எனக்குக் கேட்டது. மற்ற நேரங்களில் எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. இதை மதினியிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் அவரே ஒரு வழி கண்டுபிடித்து வந்தார்.

"முகத்தை அழிச்சுப் போட்டா வச்சுக்கலாமாம். முகமில்லைன்னா உருவமில்லையாம். நீ எதையும் குடுக்க வேண்டாம், சரியா?"

கறுப்பு மைப் பேனா ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பாயில் உட்கார்ந்து, முதலில் கைக்கு வந்த படத்தை எடுத்தார். பால் ஊற்றும் பெண். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

"இவ கண்ணே தெரியலியே. கீழ குனிஞ்சிக்கிட்டிருக்கறா."

பேனா முனை அந்தப் பெண்ணின் நெற்றிக்கு மேலே நின்றது.

"வேண்டாங்க மதினி."

"உனக்காகத்தான் கண்ணு."

"வேண்டாங்க. முழுசாவே போகட்டும். கடைக்கே அனுப்பிருங்க. யாராவது எடுத்துட்டுப் போய்ப் பாத்துக்கட்டும்."

மதினி என்னைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

மதினியின் மகன் ஆஸிம் மறுநாள் வந்து வாசலில் நின்றான். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தேன். தாள்களை வாங்கிப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமி, இதுல ஒரு கெழவன் என்னையவே மொறைக்கறானுங்க."

"மொறைக்கலடா," என்றேன் உள்ளே இருந்து. "அவர் தன்னைத்தான் பாத்துக்கறார்."

"கண்ணாடியிலயா?"

"ஆமா."

அவன் சைக்கிள் சந்து திரும்புகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அதன்பின் அடுப்படிக்குப் போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைத் தேய்த்தேன்.

என்னை வெறுங்கையோடு விட்டுவிட்டோமே என்று மதினிக்கு மனசு கேட்கவில்லை போலும். அனுப்பும்போதே, உருவம் இல்லாத தாள்களைப் பிரித்து எடுத்துவைத்திருந்தார். ஒரு தட்டில் ஆப்பிள்கள். ஒரு வயலில் வைக்கோல் போர். இன்னொன்றில், வான்கோ வரைந்த ஒரு நாற்காலி. சிவப்புத் தரையில் நிற்கும் மஞ்சள் நாற்காலி, கோரை பின்னிய இருக்கை, அதன்மேல் ஒரு புகைக்குழாயும் புகையிலைப் பொட்டலமும். அவ்வளவுதான்.

"இதுல ஆளே இல்ல. தரைகூட நம்ம ஊட்டுத் தரையாட்டவே இருக்குது," என்று அதைத் தேர்ந்தெடுத்தார். மைதா மாவில் பசை காய்ச்சி, ஓர் அட்டையில் ஒட்டி, கூடத்தில் நாங்கள் நோக்கித் தொழும் மேற்குச் சுவரில் பழைய காலண்டர் ஆணியில் மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்து, "அழகா இருக்குதில்ல?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

அந்தப் படத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒருநாளும் ஆர்வம் இருந்ததில்லை. பேச்சுக்கொடுக்க ஆளில்லை என்று வேகமாகப் புரட்டிவிடுவார். அவர் பீடிகூடக் குடிக்காதவர். அப்படியிருந்தும், சுவரில் ஏறிய அன்று சாயங்காலமே என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பொட்டலத்தை வைத்துவிட்டு ஒருவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார். எடுக்க வந்தாக வேண்டும். வரவில்லை. முகம் உள்ள படங்கள் எல்லாவற்றையும் கொடுத்துவிட்ட வீட்டில், அவர் இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லும் ஒரு படத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றச் சொன்னால் மதினி வருந்துவார். அப்படியே விட்டுவிட்டேன். தொழும்போது பார்வை நெற்றி வைத்து சஜ்தா செய்யும் இடத்தில்தான் இருக்க வேண்டும் என்பது ஒரு வசதியாகிவிட்டது.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் அசர் தொழுகைக்கு நான் கூடத்துக்கு வந்தபோது மதினி அங்கே இல்லை. சிறிய அறையில், கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அந்த இடுக்கில் முசல்லாவை விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். முடியும்வரை காத்திருந்தேன்.

"ஏனுங்க மதினி, இங்க வந்துட்டீங்க? நெருக்கமா இருக்குதில்லீங்க?"

அவர் முசல்லாவின் ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"அந்த நாக்காலிக்கு முன்னால எனக்கு ஓட மாட்டீங்குது கண்ணு. ஓதிட்டே இருக்கறேன், யாகூபு எந்திரிச்சு அந்தப் பக்கம் போனாப்பலயே இருக்குது. ஓதறது நின்னு போகுது." ஓரத்தை நீவிவிட்டு, "ஆளில்லைன்னு நாந்தான சொன்னேன்," என்றார்.

"எனக்கும் அப்படித்தாங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நீங்க பசையெல்லாம் காய்ச்சி ஒட்டுனீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். அது அழுகையாகிவிட்டது. அவர் வந்த நாளிலிருந்து ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக அழுதிருந்த நாங்கள், அன்று அந்த இடுக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம்.

"கழட்டிரட்டுமா?" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

நான் யோசித்தேன். கழற்றலாம். ஆணி மட்டும் இருக்கும்.

"இருக்கட்டுங்க."

மதினி எழுந்தார். என் முசல்லாவை அவரே கூடத்திலிருந்து எடுத்துவந்து, தன்னுடையதற்குப் பக்கத்தில் விரித்தார். அன்றிலிருந்து இருவரும் அந்தச் சிறிய அறையில்தான் தொழுதோம், முழங்கையோடு முழங்கை இடிக்க. கூடத்தை என் வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டோம்.

இப்போது மதினியும் இல்லை. அறையில் இடம் தாராளமாக இருக்கிறது.