கல் அல்லது பாறை

அன்று போட்ட துளைகள் எட்டா ஒன்பதா என்று கேட்டால் எனக்கு இப்போது உறுதியாகச் சொல்ல வராது. மாதம் அக்டோபர் என்பது சரி. குட்டைகளின் ஓரத்தில் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஆண்டு எழுபத்து மூன்றோ நான்கோ. ஹல்லயார்வி ஊரில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இல்லை. ஆனால் வெய்க்கோ துப்புராய்னன் வாய் திறக்கவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வெய்க்கோவின் வேலை மண்ணைக் குத்திப் பார்ப்பது. கட்டடம் வரப்போகும் இடத்தில், முனையில் திருகு வைத்த இரும்புக் கம்பியை நட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாக எடைகளை ஏற்றுவார். நூறு கிலோ ஏற்றியும் கம்பி தானாக இறங்கவில்லை என்றால் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவார். ஒரு சாண் இறங்க எத்தனை அரைச்சுற்று என்று அவர் எண்ணிச் சொல்ல, ஊராட்சி அலுவலகத்து ஆவுனே நோட்டில் குறித்துக்கொள்வாள். களிமண் என்றால் எண்ணவே வேண்டியதில்லை, கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். சரளை என்றால் இடுப்பு விட்டுப்போகும். எந்தக் காலத்திலோ பனியாறு இழுத்துவந்து போட்டுவிட்டுப் போன நிலம் அது. மாவு போன்ற வண்டல், சரளை, வீட்டளவு கற்கள் எல்லாவற்றையும் தரம் பிரிக்காமல் கொட்டியிருந்தது. கம்பி நின்றுவிட்டால், அதை நிறுத்தியது கல்லா பாறையா என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது. அதனால் நோட்டில் ‘கல் அல்லது பாறை’ என்று எழுதுவதுதான் முறை. இருபத்தாறு வருடங்களாக அவர் சொல்லி எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் திருத்தியதில்லை. அந்தப் பெருமையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பொதுவாகவே அவர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

ஊருக்குத் தீயணைப்பு நிலையம் வருவதாக இருந்தது. முந்தின குளிர்காலத்தில் வெய்க்கோவின் நீராவிக் குளியல் கொட்டகை எரிந்தபோது, நாற்பது கிலோமீட்டர் தாண்டி வண்டி வந்தது. வந்தவர்கள் சாம்பலைச் சுற்றிப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், காபி நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆகவே நிலையம் வேண்டும் என்பதில் வெய்க்கோவுக்கும் அக்கறை இருந்தது. ஆய்வுக் காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் ஹெல்சின்கி போய்ச் சேராவிட்டால், நிலையம் பக்கத்து ஊரான குய்க்கவாராவுக்குப் போய்விடும்.

வண்டி நிறுத்தும் கூடத்தில் சிக்கல் இல்லை. நனைந்த கித்தான் குழாய்களைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் பதினெட்டு மீட்டர் கோபுரம்தான் சிக்கல்; அவ்வளவு உயரம் நிற்க அடியில் பாறை வேண்டும். கோபுரம் நிற்கப்போகும் இடத்தின் நான்கு மூலையிலும் கம்பி நாலு மீட்டரில் நின்றது.

நிலையத்துக்குத் தலைவனாக வரவிருந்த எஸ்கோ, வெய்க்கோவின் மனைவி லெம்பிக்கு அண்ணன். அவன் குதிக்காத குறை.

“நாலு மூலையும் நாலு மீட்டரு மாப்ள! சொல்லிவெச்ச மாதிரி நிக்குது. இது பாறை இல்லாம வேற என்னவாம்?”

வெய்க்கோ கம்பியின் தலையில் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். பாறை என்றால் அடியை உடனே திருப்பி அடிக்கும். இது அடியை வாங்கி, கொஞ்சம் வைத்துக்கொண்டு, அப்புறம் கொடுத்தது.

“என்ன, நாடி பாக்கறீங்களா? அது செத்துப் பத்தாயிரம் வருசமாச்சு, விடுங்க.”

“நான் என்னண்ணே எழுதட்டும்?” என்றாள் ஆவுனே.

“வழக்கம்போல.”

துளைத்துப் பார்த்து உறுதிசெய்யும் இயந்திரம் ஓவுலு நகரத்திலிருந்து வர வேண்டும். அது பனி விழுந்த பிறகுதான் வரும்.

புதன்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். ஹெல்சின்கியிலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் ஹெல்ஸ்ட்ரோம் நோட்டைப் புரட்டினார்.

“நாலு மூலையும் ஒரே ஆழம். பாறைதானேங்க?”

வெய்க்கோ பதில் சொல்லவில்லை.

ஹல்லயார்வியில் ஒருவரிடம் கேட்டதையே திரும்பக் கேட்பது, உனக்குக் காது கேட்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்கிறாயா என்று லெம்பி கேட்டதற்கு வெய்க்கோ ஒன்பதாம் நாள்தான் பதில் சொன்னார். அதற்குள் அவள் கல்யாணத் துணியே எடுத்துவிட்டிருந்தாள். ஹெல்ஸ்ட்ரோம் அப்படிப்பட்ட ஊர்க்காரர் இல்லை. ஒரு துண்டு ரொட்டி விழுங்கும் நேரம்தான் காத்திருந்தார். பிறகு அளவுகோலை வைத்து, ‘கல் அல்லது’ என்பதைத் தன் படிவத்தில் நேர்த்தியாக அடித்து, ‘பாறை’யை மட்டும் விட்டார்.

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், வெய்க்கோ இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று. எல்லோரும் தங்கள் காபிக் கோப்பையைப் பார்த்தார்கள். சர்க்கரை போடாத காபியை எஸ்கோ வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தான்.

வெய்க்கோவுக்குத் தன் உள்ளங்கை மீது சந்தேகம் இல்லை. தன் ஆசை மீதுதான் சந்தேகம். நிலையம் வேண்டாம் என்று நினைப்பவனாக இருந்தால் உடனே சொல்லியிருப்பேனோ? வேண்டும் என்று நினைப்பதால்தான் வாய் வரவில்லையோ? இதை யோசித்துத் தீர்ப்பதற்குள் பொறியாளர் ரயிலேறிவிட்டார்.

வியாழக்கிழமை காலை அவர் தனியாகப் போனார். கோபுரத்தின் எல்லைக்கு ஏரிப் பக்கமாக இரண்டடி தள்ளி இன்னொரு துளை போட்டார். கம்பி நாலு மீட்டரைத் தாண்டியது. ஐந்து. ஆறு. அதன் பிறகு திருப்பவே வேண்டியிருக்கவில்லை. எடையின் பாரத்திலேயே இறங்கிப் போனது. பதினொன்றில் கம்பிகள் தீர்ந்தன. ஆக, கோபுரத்துக்கு அடியில் இருப்பது தட்டைத் தலையுள்ள ஒரே ஒரு கல். அது குழைந்த வண்டலில் உட்கார்ந்திருக்கிறது. கம்பிகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு அடுக்கினார். அதற்கே பொழுது சரியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஹெல்சின்கிக்குத் தொலைபேசினார். ஆவுனே தட்டச்சை நிறுத்தினாள். எஸ்கோ கதவருகே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அது கல்லுதான்” என்றார் வெய்க்கோ.

“யாருங்க பேசறது?”

“துப்புராய்னன். புதன்கிழமை கேட்டீங்களே.”

“ஐயோ, அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“யோசிச்சிட்டிருந்தேன்.”

“ரெண்டு நாளாவா?”

“ஒன்றரை.”

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. “காகிதம் காலையிலேயே மேல போயிடுச்சுங்க. இப்ப திருப்பி வாங்கலாம். வாங்கினா நிலையம் குய்க்கவாராவுக்குத்தான். வாங்கட்டுமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வார்த்தைதான். வெய்க்கோ எஸ்கோவைப் பார்த்தார். எஸ்கோ தொப்பியைப் பார்த்தான். சாம்பலான கொட்டகை நினைவுக்கு வந்தது; எரிந்த வாசனையோடு சேர்ந்து வந்த காபி மணம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் அந்தக் கல் அடியை வாங்கி வைத்துக்கொண்ட அந்தக் கணமும் வந்தது. வார்த்தை அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை ஏறிவிட்டது.

“சரி, புரிஞ்சுது. நன்றிங்க” என்றார் ஹெல்ஸ்ட்ரோம். இணைப்பு அறுந்தது.

“வாங்கிடுங்க” என்றார் வெய்க்கோ, செத்த தொலைபேசியிடம்.

எஸ்கோ அவர் கையிலிருந்து அதை மெல்ல வாங்கி வைத்தான். “லைன் போயிடுச்சு மாப்ள.”

“திரும்பப் போடலாம்.”

“போடலாம்தான்” என்றான் எஸ்கோ. அவன் நகரவில்லை. ஆவுனேயும் நகரவில்லை. எண்ணைச் சுழற்ற ஒரு நிமிடம் போதும். வெய்க்கோ தொலைபேசியின் முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கு ஹெல்சின்கியில் அலுவலகம் மூடியது.

கோபுரம் மறு வருடம் எழுந்தது. இரண்டாவது வசந்தத்தில் நிலம் இளகியபோது ஏரிப் பக்கம் சாய்ந்தது. முதலில் கண்டுபிடித்தவன் எஸ்கோவேதான். உச்சியிலிருந்து தொங்கிய குழாய்கள் தூக்குநூல் பிடித்த மாதிரி நேராக நிற்க, சுவர்தான் அவற்றிடம் வந்து கொண்டிருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். நோட்டில் ‘கல் அல்லது பாறை’ என்று முறைப்படி இருந்தது. ஆவுனே அறிக்கையை எடுத்துவந்து சந்தோஷமாகப் படித்துக் காட்டினாள்: துப்புராய்னன் தவறாக எதுவும் சொல்லவில்லை.

“பாத்தீங்களாண்ணே? ஒரு குத்தமும் இல்ல!”

வெய்க்கோ அந்த வரியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஒருவரிடம் ஒன்றை இரண்டாம் முறை அவர் கேட்டது அன்றுதான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதைத் திருத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை.

ஹெல்ஸ்ட்ரோம் பதவி உயர்ந்து பெரிய பாலங்களைப் பார்த்துக்கொள்ளப் போனார். ஆவுனே ஓய்வு பெறும்வரை அதே மேசையில் இருந்தாள். எஸ்கோ வருடா வருடம் குழாய்க்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து கதவின் உள்பக்கத்தில் குறித்தான். தொண்ணூற்று ஒன்றாம் ஆண்டில் இறந்தான். வெய்க்கோ அவனுக்கு முந்தின ஆண்டு போனார். லெம்பி மகள் வீட்டோடு ஓவுலுவுக்குப் போய்விட்டாள். வெய்க்கோவின் புதிய குளியல் கொட்டகை ஒருநாளும் தீப்பிடிக்கவில்லை. கோபுரம் முப்பத்தொரு சென்டிமீட்டர் சாய்வில் நின்றுவிட்டது. இன்னும் குழாய்களை அதில்தான் காயவைக்கிறார்கள்.