மூன்றாம் மாடி, கிழக்கு அறை

டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. பதினொரு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். வீட்டில் புருஷன்கூட டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆறு வயது மகள் ஒருத்திக்கு மட்டும்தான் அவர் அம்மா. அப்படிப்பட்டவர் திடீரென்று ஒரு வருடக் கல்வியியல் மேற்படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிவிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கும் புருஷன், மகளைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பயணம் உறுதியானதும் வீட்டுக்குள் யோசனைகள் வந்து குவிய ஆரம்பித்தன.

எல்லாரையும்விட அதிகமாகக் கொடுத்தவர் அக்கா புருஷன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பாஸ்போர்ட்டே எடுக்காதவர். அதனாலென்ன, போய்வந்த முப்பது பேரிடம் விசாரித்து, தட்டச்சு செய்து, சுருள்கம்பி போட்டுப் புத்தகமாகவே கொண்டுவந்து கையில் வைத்தார். குளிருக்கு என்ன போட வேண்டும் என்பதில் தொடங்கி, தனியாக லிஃப்டில் ஏறக் கூடாது, எதற்கெடுத்தாலும் போய்க் கேள்வி கேட்டு நிற்கக் கூடாது, கேட்டால் தகுதி இல்லாத ஆள் என்று முடிவு கட்டிவிடுவார்கள் என்பதுவரை எல்லாம் இருந்தது. கூடத் தங்கப்போகும் பெண்ணோ போனில் நேர்மாறாகச் சொன்னாள். பார்மசி படிக்கிறவள், ஒரு வருடம் முன்னாலேயே அங்கே போனவள். "எதுவா இருந்தாலும் கேளுங்கக்கா. கேட்காதவங்கதான் இங்க மாட்டிக்கிறாங்க" என்றாள். இரண்டையும் டீச்சர் குறித்துக்கொண்டார். எது எப்போது பொருந்தும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

முதல் ஆறு வாரத்துக்கு ஒரே ஒரு பாடம்தான். ஆய்வு முறைகள். வாரத்தில் நான்கு நாள், காலை பத்து மணி. அட்டவணையில் கட்டடத்தின் பெயரும், மூன்றாம் மாடி, கிழக்கு அறை என்பதும் போட்டிருந்தது. முதல் நாள் ஒன்பதரைக்கே டீச்சர் கட்டடத்துக்குள் போய்விட்டார். லிஃப்ட் காலியாகத் திறந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், படிக்கட்டில் ஏறினார். ஒரு மாடி, இரண்டு மாடி, மூன்று மாடி என்று எண்ணிக்கொண்டே ஏறினார். மூச்சு வாங்கியது. கிழக்குப் பக்கம் பெரிய அறை. வாசலில் 'கிழக்கு அறை' என்று எழுதியிருந்தது. உள்ளே திரையில் 'ஆய்வு முறைகள்' என்று தெரிந்தது. வேறென்ன வேண்டும்?

கதவோரத்து வருகைப்பதிவு இயந்திரத்தில் மாணவர் அட்டையைக் காட்டினார். பீப் என்றது, ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மற்றவர்களுக்குப் பச்சையாக எரிந்ததுபோல இருந்தது. சாயங்காலம் பார்மசிக்காரியிடம் கேட்டபோது, புது அட்டை என்றால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும், பீப் வந்தால் போதும் என்றாள். அவளுடைய அட்டைக்கு அப்படித்தான் நடந்ததாம்.

வகுப்பு நன்றாகவே போயிற்று. பாடம் எடுத்தவர் தாடி வைத்த மனிதர், அடிக்கடி மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். கேள்வித்தாள் எப்படித் தயாரிப்பது, ஆட்களை எப்படித் தேர்ந்தெடுப்பது, நேர்காணல் எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். உதாரணமெல்லாம் குழந்தைகள் காப்பகம், குடிகாரத் தகப்பன், தனியாக வாழும் முதியவர்கள் என்று வந்தன. பள்ளிக்கூடம் ஒன்றுகூட வரவில்லை. இந்த ஊரில் கல்வி என்பதை இவ்வளவு அகலமாகப் பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று டீச்சர் வியந்துகொண்டார். மின்னஞ்சலில் வந்த பாடக்குறிப்புகளுக்கும் வகுப்பில் நடப்பதற்கும் தலையும் ஒட்டவில்லை, வாலும் ஒட்டவில்லை. அந்த அஞ்சல்கள் ஒரு பெண் பெயரில் வந்தன. அலுவலகத்தில் யாரோ அனுப்புகிறார்கள், இது மேற்கொண்டு படிப்பதற்கு என்று அவரே ஒரு சமாதானம் செய்துகொண்டு, அவற்றையும் அன்றன்றைக்கே படித்து முடித்தார்.

இரண்டாம் வாரம் நான்கு நான்கு பேராகக் குழு சேரச் சொன்னார்கள். யார் பக்கமும் போகத் தயங்கி உட்கார்ந்திருந்த டீச்சரை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கைகாட்டி அழைத்தார். இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர், இப்போது படிக்க வந்திருக்கிறார். குழுவில் இன்னும் இரண்டு இளம்பெண்கள். நால்வரும் சேர்ந்து ஒரு கேள்வித்தாள் தயாரித்து, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வகுப்பில் விளக்க வேண்டும். கேள்விகளை டீச்சர் வரிசைப்படுத்திக் கொடுத்த அழகைப் பார்த்து பஸ்காரர், இனி எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். வந்த இடத்தில் நமக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது என்று அன்றைக்கு டீச்சர் புருஷனிடம் போனில் பெருமையடித்துக்கொண்டார்.

இதற்கு நடுவில்தான் மாணவர் ஆலோசனை அலுவலகத்திலிருந்து அந்த அஞ்சல்கள் வந்தன. முதலாவதில், நேரம் கிடைக்கும்போது எங்களை வந்து பார்க்க நீங்கள் விரும்பலாம் என்று இருந்தது. டீச்சர் யோசித்துப் பார்த்தார். அப்படியொன்றும் விருப்பமாக இல்லை. விட்டுவிட்டார். இரண்டாவது நாலு நாள் கழித்து வந்தது. உங்களைப் பற்றிச் சற்றே கவலைப்படுகிறோம் என்றது. முன்பின் தெரியாத ஊரில் இப்படிக் கவலைப்பட ஆள் இருக்கிறதே என்று டீச்சருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. தான் நலமாக இருப்பதாகவும், வேளாவேளைக்குச் சாப்பிடுவதாகவும், அன்புக்கு நன்றி என்றும் உடனே பதில் எழுதினார்.

மூன்றாவது அஞ்சலில் விருப்பமும் இல்லை, கவலையும் இல்லை. வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து நீங்கள் ஒரு நாள்கூட வரவில்லை, வியாழக்கிழமை நான்கு மணிக்குள் நேரில் வராவிட்டால் விசா அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்று இருந்தது.

டீச்சர் அதை மூன்று தடவை படித்தார். வேறு யாருக்கோ வரவேண்டியது என்று நினைத்தார். மேலே பெயரைப் பார்த்தார். அவர் பெயர்தான். கையில் தேநீர்க் கோப்பையோடு வந்த பார்மசிக்காரியிடம் போனை நீட்டினார்.

"அக்கா, நீங்க தினமும் எங்க போறீங்க?" என்றாள் அவள்.

"எங்க போவேன், வகுப்புக்குத்தான் போறேன்."

"போறீங்கன்னா ஒரு நாளாவது அட்டென்டன்ஸ் விழுந்திருக்கணுமே. இதுல பூஜ்யம்னு போட்டிருக்கு."

அவள் பார்த்த பார்வையில் ஒரு துளி சந்தேகம் இருந்ததுபோல டீச்சருக்குப் பட்டது. அதுதான் தூக்கிவாரிப்போட்டது. தானே ஒருவேளை எங்கும் போகவில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. உள்ளே ஓடிப்போய்த் தன் நோட்டை எடுத்துப் பார்த்தார். ஓரக்கோடு போட்டு, தேதி போட்டு, பத்து நாள் பாடமும் இருந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அந்த அப்பாடாவால் என்ன பிரயோஜனம் என்று புரியவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டேமுக்காலுக்கே அந்த அலுவலகத்து வாசலில் போய் நின்றார். ஆலோசகர் ஒல்லியான மனிதர், தொண்டைக்குள்ளேயே பேசுகிறவர். மேஜையில் வேறொன்றும் இல்லாமல் ஒரு டிஷ்யூ பெட்டி மட்டும் டீச்சரைப் பார்த்து வைத்திருந்தது. அவர் வகுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. தூக்கம் வருகிறதா, வீட்டு நினைவு அதிகமாக இருக்கிறதா, வெளியே போகவிடாமல் யாராவது தடுக்கிறார்களா, எங்கேயாவது வேலைக்குப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டிய டீச்சருக்கு, தான் என்ன குற்றம் செய்தோம், அல்லது தனக்கு யார் என்ன குற்றம் செய்தார்கள் என்றே பிடிபடவில்லை. கடைசியில் பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

ஆலோசகர் புரட்டினார். முதலில் வேகமாக, அப்புறம் மெதுவாக. காப்பகம், குடிகாரத் தகப்பன் என்று வந்த பக்கத்தில் நின்றார்.

"நீங்க கல்வியியல் மாணவிதானே?"

"ஆமா."

"இந்த வகுப்பு எங்க நடந்துச்சு? என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியுமா?"

இருவரும் நடந்தார்கள். டீச்சர் வழக்கம்போலப் படிக்கட்டில் ஏறினார், ஆலோசகர் பின்னால் வந்தார். மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க நின்று, இதோ என்று காட்டினார். ஆலோசகர் அறைக்குள் பார்க்கவில்லை. எப்போதும் திறந்தே கிடக்கும் படிக்கட்டுக் கதவை இழுத்து மூடினார். கதவுக்குப் பின்னால் சுவரில், ஒரு முழ உயரத்துக்கு, நான்கு என்று எழுதியிருந்தது.

டீச்சர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். இங்கே தரைத்தளத்துக்கே முதல் மாடி என்று பெயர் என ஆலோசகர் மெல்ல விளக்கினார். கட்டடத்தின் எல்லா மாடியிலும் கிழக்கே ஒரு அறை, மேற்கே ஒரு அறை. கல்வியியல் மாணவர்களுக்கு இதற்கு அடுத்த கீழ்மாடியிலும், சமூகப்பணி மாணவர்களுக்கு இந்த மாடியிலும், ஒரே நேரத்தில், ஒரே தலைப்பில் பாடம். லிஃப்டில் மூன்றை அழுத்தியிருந்தால் சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டிருக்கும். சொல்லி முடித்துவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, இரண்டில் எது முதலில் வருவது என்று தெரியாமல் விக்கல்தான் வந்தது. பதினொரு வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவருக்கு மூன்றுவரை எண்ணத் தெரியவில்லை என்று ஊரில் தெரிந்தால் என்ன ஆகும்?

திரும்பி வந்ததும் ஆலோசகர் கணினியைத் திறந்தார். விசா விஷயம் இன்றோடு தீர்ந்தது என்றார். ஆனால் பத்து நாளுக்கும் ஏதாவது காரணம் போட்டாக வேண்டும். பட்டியலில் மூன்று காரணங்கள்தான் இருந்தன. உடல்நலக் குறைவு, குடும்பத் துக்கம், அனுமதிக்கப்பட்ட விடுப்பு. மூன்றாவதற்குத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும், ஒரு வாரம் இழுக்கும். முதலாவதையே போட்டுவிட நீங்கள் விரும்பலாம் என்றார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவருக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது.

"நான் நல்லா இருந்தேன். ஒரு நாள்கூட ஜுரம் வரல. ரிஜிஸ்டர்ல நான் பொய் எழுதினது இல்லை, எழுத விட்டதும் இல்லை. ஒரு வாரம் ஆனா ஆகட்டும்."

 ஆலோசகர் சுட்டியை எடுத்து மூன்றாவதை அழுத்தினார். நான்காம் மாடித் தாடிக்காரரிடம் வந்துபோனதற்குச் சான்று வாங்கி வரச் சொன்னார்.

தாடிக்காரர் மேஜையிலிருந்து இறங்காமலே கடிதம் எழுதிக் கொடுத்தார். தன் வகுப்பில் ஒழுங்காகக் குறிப்பெடுத்த ஒரே ஆள் தன் மாணவியே இல்லையா என்று அவருக்குத்தான் வருத்தம். பஸ்காரரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. விளக்கிப் பேச வேண்டியவரே டீச்சர். இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்காரர் மட்டும், தவறான பஸ்ஸில் ஏறியவர்களைத் தான் நிறையப் பார்த்திருப்பதாகவும், ஆனால் பத்து நாள் தொடர்ந்து ஏறி, டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்த ஆளை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். ஒரு நாள் மட்டும் வந்து பேசிவிட்டுப் போக முடியாதா என்று கேட்டார்.

டீச்சர் மறுபடி ஆலோசகரிடம் ஓடினார். அது முழுக்க உங்கள் விருப்பம் என்றார் அவர். டீச்சர் நகரவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. 'உங்க விருப்பம்'னா போகலாம்னு அர்த்தமா, போகக் கூடாதுன்னு அர்த்தமா? இல்ல, நாலு நாள் கழிச்சு வேற ஏதாவது அஞ்சல் வருமா?"

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சிறிது யோசித்து, இந்த ஒரு தடவை உண்மையிலேயே உங்கள் விருப்பம்தான் என்றார். ஆனால் நாளைக்குக் கீழ்மாடி வகுப்பில் இருப்பது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். இது யோசனையா உத்தரவா என்று கேட்க டீச்சர் வாயெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் நூலகத்தில் பஸ்காரரோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். எந்தக் கேள்விக்கு என்ன பதில் வரும், யார் எங்கே குறுக்கே கேட்பார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். பஸ்காரருக்கு வியர்த்தது. டீச்சர் விடவில்லை, இரண்டு தடவை பேசிக் காட்டச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கீழ்மாடிக் கிழக்கு அறைக்குள் போனபோது அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. மேலே அறுபது பேர் இருந்தார்கள், இங்கே பதினொரு பேர். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அஞ்சலில் பெயர் வந்த அந்தப் பெண்மணிதான் பாடம் எடுத்தார். நரைத்த கூந்தல், சிரிக்காத முகம். பாடம் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தக் குறிப்புகளையெல்லாம் படித்திருந்ததால் ஒரு இடத்தில் டீச்சருக்குச் சந்தேகம் வந்தது. மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கிறபோது, அன்றைக்கு வராத பிள்ளையை எந்தப் பக்கம் வைப்பது என்று எழுந்து நின்று கேட்டார். எழுந்து நின்றது அவர் ஒருவர்தான்.

பெண்மணி கண்ணாடியைக் கழற்றி, சுவாரஸ்யமான கேள்வி என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

டீச்சர் உட்கார்ந்தார். பாராட்டா, கண்டிப்பா என்று விளங்கவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணிடம் குனிந்து, அவங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம் என்று மெல்லக் கேட்டார். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். போன வாரம் தனக்கும் இதையேதான் சொன்னார் என்றும், அன்றிலிருந்து தானும் யோசித்துக்கொண்டிருப்பதாகவும், தான் வேறொரு தேசத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றும் சொன்னாள். வகுப்பு முடிந்ததும் நேரே போய்க் கேட்டுவிடலாமா என்றார் டீச்சர். அவள் சரி என்றாள். இரண்டு பேரும் நோட்டை மூடி வைத்துக்கொண்டு, மணி எப்போது பன்னிரண்டு ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.